குளிராத கடல் குளிர்ந்ததாகத் தெரிந்தது எப்படி? ஆர்கோ மிதவைகளின் ஆழப் பிழை: ஒரு நிகழ்வு ஆய்வு

2006 செப்டம்பரில் ‘ஜியோபிசிகல் ரிசர்ச் லெட்டர்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியானது. ஜான் லைமன், ஜாஷ் வில்லிஸ், கிரெகரி ஜான்சன் ஆகிய மூவரும் எழுதியது. 2003க்கும் 2005க்கும் இடையே உலகக் கடல்களின் மேல் 750 மீட்டர் நீர் 3.2 × 10²² ஜூல் வெப்பத்தை இழந்திருக்கிறது என்றது அது. பிழை வரம்பு 1.1 × 10²² ஜூல். 1955 முதல் 2003 வரை கடல் சேர்த்துவைத்த வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டே ஆண்டுகளில் போய்விட்டது என்று பொருள்.

மறு ஆண்டே அதே மூவரும், ஜான் கில்சனையும் சேர்த்துக்கொண்டு, அதே இதழில் திருத்தம் வெளியிட்டார்கள். 2009இல் விரிவான கட்டுரையும் வந்தது. அவர்கள் கண்ட குளிர்ச்சியில் பெரும்பகுதிக்குக் காரணம் இரண்டு கருவிப் பிழைகள். கடலுக்குள் தானாக இறங்கி ஏறி அளக்கும் ஆர்கோ மிதவைகளில் சில கடலைக் குளிராகக் காட்டின. கப்பலிலிருந்து வீசி எறியும் எக்ஸ்பிடி என்னும் பழைய கருவி கடலைச் சற்றே சூடாகக் காட்டியது. பிழையான பதிவுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் 2003 முதல் 2006 வரை மேல்கடல் குறிப்பிடும்படி குளிரவும் இல்லை, சூடாகவும் இல்லை.

இத்தனைக்கும் இரண்டு கருவிகளிலும் வெப்பநிலை உணரிகள் தத்தம் தரத்துக்கு ஏற்பவே வேலை செய்தன. அளந்த வெப்பநிலை எந்த ஆழத்துக்கு உரியது என்பதில்தான் முதன்மையான கோளாறு. கடலியல் தரவைக் கையாளும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு இது. இதே வகைப் பிழை வேறு வடிவங்களில் பின்னும் வந்தது, இனியும் வரும்.

எவ்வளவு சின்ன மாற்றம்

3.2 × 10²² ஜூல் என்பது கேட்க மலைப்பாக இருக்கும். அதை டிகிரியில் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். கடல்களின் பரப்பு சுமார் 3.6 × 10¹⁴ சதுர மீட்டர். வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 8.9 × 10⁷ ஜூல் வரும். ஒரு கன மீட்டர் கடல்நீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.1 × 10⁶ ஜூல் வேண்டும். அதன்படி இந்த இழப்பை 750 மீட்டர் நீர்ப்பத்தியில் பரப்பினால் சராசரி வெப்பநிலை மாற்றம் 0.03 டிகிரிக்கும் சற்றுக் குறைவு.

நூறில் மூன்று பங்கு டிகிரி. ஒரு மிதவையின் வெப்பநிலை உணரி 0.002 டிகிரி வரை துல்லியம் தருவது. ஆயிரக்கணக்கான பதிவுகளின் சராசரி வேறு. ஆகவே இந்த அளவு மாற்றத்தைக் காண முடியும் என்று நம்பியதில் தவறில்லை. ஆனால் சராசரி என்பது முன்னும் பின்னும் சிதறுகிற பிழையைத்தான் கரைக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த பிழையாக இருந்தால் பதிவுகள் பெருகப் பெருக அது சராசரிக்குள் இன்னும் உறுதியாக உட்கார்ந்துகொள்ளும். பிழை வரம்பாக அவர்கள் போட்ட 1.1 × 10²² கணக்கு, கடலில் எங்கெல்லாம் பதிவு இல்லையோ அதனால் வரும் ஐயத்தை மதிப்பிட்டது. கருவியே சாய்ந்திருக்கும் வாய்ப்பு அந்த எண்ணுக்குள் இல்லை.

ஆர்கோ மிதவை வேலை செய்யும் விதம்

ஆர்கோ மிதவை ஓர் உலோகக் குழாய். அடியில் ரப்பர் பை, உள்ளே எண்ணெயும் பம்பும், தலையில் அழுத்தம், வெப்பநிலை, மின்கடத்துதிறன் (உப்பின் அளவை இதைக் கொண்டே கணிப்பார்கள்) மூன்றையும் அளக்கும் சிடிடி என்னும் கருவி, அதற்கு மேல் ஆன்டெனா. பையிலிருந்து எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் மிதவையின் கன அளவு குறையும், எடை அப்படியே இருக்கும், ஆகவே அமிழும். எண்ணெயை வெளியே தள்ளினால் ஏறும். 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு ஒன்பது நாள் போல மிதந்துவிட்டு, 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து நொடிக்கு 10 சென்டிமீட்டர் அளவில் ஏறிக்கொண்டே அளக்கும். மேலே வர ஆறு மணி நேரம் பிடிக்கும். செயற்கைக்கோளுக்குத் தரவை அனுப்பிவிட்டு மீண்டும் இறங்கும். பத்து நாளைக்கு ஒரு சுற்று. இப்படி 3000 மிதவைகளை நிறுத்துவது திட்டத்தின் தொடக்க இலக்கு. 2007 நவம்பரில் அது எட்டப்பட்டது.

ஆழத்தை மிதவை நேராக அளப்பதில்லை, அழுத்தத்தைத்தான் அளக்கிறது. 1 டெசிபார் அழுத்தம் ஏறத்தாழ 1 மீட்டர் ஆழத்துக்குச் சமம் என்பதால் பேச்சுவழக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள்.

அன்றைய மிதவைகள் பெரும்பாலும் ஆர்கோஸ் என்னும் செயற்கைக்கோள் அமைப்பு வழியாகத்தான் பேசின. (திட்டத்தின் பெயர் ஆர்கோ, செய்தித் தொடர்பு அமைப்பின் பெயர் ஆர்கோஸ், புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம்.) அது ஒருவழித் தொடர்பு. ஒரு செய்தியில் 32 பைட்டுக்கு மேல் இடம் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று மிதவைக்குத் தெரியாது. அதனால் அதே செய்திகளைப் பல மணி நேரம் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும். ஏறி வரும்போது அளந்த எல்லாவற்றையும் அனுப்ப வழியில்லாததால் நீர்ப்பத்தியைச் சில பத்துப் படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு மதிப்பு என்று சுருக்கி அனுப்ப வேண்டியிருந்தது. முதல் பிழை நுழைந்த வாசல் இந்தப் படிக்கணக்கு.

முதல் பிழை: ஒரு படி மேலே

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் இறக்கிய சோலோ வகை மிதவைகளில் ஒரு பகுதி எப்எஸ்ஐ நிறுவனத்தின் சிடிடியைத் தாங்கியிருந்தது. பெரும்பாலானவை அட்லாண்டிக்கில் இருந்தன. ஒரு மென்பொருள் பிழையால் இவற்றில் பலவற்றின் பதிவுகள் தமக்குரிய அழுத்தப் படிக்குப் பதில் ஒன்றோ அதற்கு மேற்பட்டோ படி மேலே ஏற்றி எழுதப்பட்டன. கீழிருந்த நீரின் வெப்பநிலை மேலிருந்த நீரின் பெயரில் பதிவாகிவிட்டது.

மேலே சூடு, கீழே குளிர் என்பதுதான் கடலின் பொது அமைப்பு. ஆகவே இந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: குளிர்ப் பக்கம். எவ்வளவு என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். துணைவெப்பமண்டல நீர்ப்பத்தி ஒன்றில் 300 மீட்டரில் 18 டிகிரி, 800 மீட்டரில் 8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டருக்கு 10 டிகிரி, அதாவது மீட்டருக்கு 0.02 டிகிரி. அழுத்தம் 10 டெசிபார் குறைவாகப் பதிவானால் அந்த அடுக்கு முழுக்க 0.2 டிகிரி குளிராகத் தெரியும். வெப்பநிலை உணரியின் துல்லியத்தைவிட இது நூறு மடங்கு பெரிது. பதிவுகளில் பத்தில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருந்தாலே அந்த அடுக்கின் சராசரி 0.02 டிகிரி இறங்கிவிடும். தேடிக்கொண்டிருந்த மாற்றமோ 0.03.

தானியங்கிச் சோதனைகள் இதை ஏன் பிடிக்கவில்லை? ஆர்கோ தரவு வந்த 24 மணி நேரத்துக்குள் கணினி ஒரு வரிசைச் சோதனைகளை நடத்துகிறது: மதிப்பு உலகக் கடல்களுக்குரிய வரம்புக்குள் இருக்கிறதா, அழுத்தம் வரிசையாக ஏறுகிறதா, திடீர்க் கூர்முனை உண்டா, கனமான நீர் லேசான நீரின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பன போல. ஒரு படி மேலே நகர்ந்த பதிவு இவை எல்லாவற்றிலும் தேறிவிடும். அதன் வளைவு ஒழுங்காக இருக்கும், இடம் மட்டும் மாறியிருக்கும்.

பல மாதங்கள் கழித்து வல்லுநர்கள் செய்யும் தாமதமுறைச் சோதனையும் இதற்கு உதவவில்லை. காரணம் நுட்பமானது. அந்தச் சோதனையின் முதன்மை நோக்கம், உப்பு அளவு காலப்போக்கில் விலகுகிறதா என்று பார்ப்பது. அதற்கு ஒரே வெப்பநிலையுள்ள நீரில் மிதவை காட்டும் உப்பையும், அந்த வட்டாரத்தில் கப்பல்கள் முன்பு அளந்த உப்பையும் ஒப்பிடுகிறார்கள். ஆழ்கடலில் வெப்பநிலைக்கும் உப்புக்கும் உள்ள உறவு எளிதில் மாறாது என்பதே இதன் அடிப்படை. அழுத்தப் படி தவறினால் வெப்பநிலையும் உப்பும் ஒன்றுசேர்ந்தே இடம் மாறும். அவை இரண்டின் உறவு அப்படியே இருக்கும். வெப்பநிலையை ஓர் அச்சிலும் உப்பை இன்னோர் அச்சிலும் வைத்து வரைந்தால், கோளாறான மிதவையின் புள்ளிகள் அக்கம்பக்கத்து நல்ல மிதவையின் கோட்டின் மேலேயே அச்சாகப் படியும். ஆழம் அந்த வரைபடத்தில் ஓர் அச்சாகவே இல்லை. உப்பைக் காப்பதற்கென்று கட்டிய சோதனை அழுத்தத்தைப் பார்க்கவே பார்க்காது.

இரண்டாம் பிழை: விழும் வேகம்

ஆர்கோவுக்கு முந்தைய முப்பது ஆண்டுகளின் மேல்கடல் தரவில் பெரும்பங்கு எக்ஸ்பிடி தந்தது. ஓடும் கப்பலிலிருந்தே வீசி எறியக்கூடிய சிறு குண்டு அது. மூக்கில் எடை, அங்கேயே வெப்பநிலையை உணரும் ஒரு தெர்மிஸ்டர், வாலில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். கப்பலில் உள்ள குப்பியிலும் ஒரு சுருள் இருக்கும். குண்டு விழ விழ, கப்பல் நகர நகர, இரண்டு சுருளும் பிரியும். அதனால் கம்பி இழுபடாது. கம்பி தீர்ந்ததும் அறுந்துபோகும், குண்டு கடலோடு போய்விடும். வணிகக் கப்பல்கள் வழியை மாற்றாமல் போகிற போக்கில் அளந்து கொடுத்ததால்தான் அவ்வளவு தரவு சேர்ந்தது. சென்னை–போர்ட் பிளேர்–கொல்கத்தா பாதையிலும் இந்திய ஆய்வாளர்கள் இந்தக் கருவியைக் கொண்டுதான் வங்காள விரிகுடாவின் வெப்ப அடுக்குகளைப் பல்லாண்டு பதிவு செய்தார்கள்.

எக்ஸ்பிடியில் அழுத்த உணரி கிடையாது. நீரைத் தொட்டதிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதைக் கொண்டே ஆழம் கணிக்கப்படுகிறது. ஆழம் = அ × நொடி − ஆ × நொடி² என்பது சமன்பாடு. தொடக்க வேகம் அ. கம்பி பிரியப் பிரிய குண்டின் எடை குறைவதால் வேகம் தளர்வதைச் சொல்வது ஆ. டி-4, டி-7, டீப் ப்ளூ ஆகிய வகைகளுக்குத் தயாரிப்பாளர் தந்த மதிப்புகள் 6.472, 0.00216. 1995இல் ஹனாவா முதலியோர் கப்பலின் சிடிடியோடு ஒப்பிட்டுத் தந்த மதிப்புகள் 6.691, 0.00225.

நூறாவது நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சமன்பாட்டில் 647.2 − 21.6 = 625.6 மீட்டர். புதியதில் 669.1 − 22.5 = 646.6 மீட்டர். அதே குண்டு, அதே நொடி, 21 மீட்டர் வேறுபாடு. டி-7 குண்டு தன் 760 மீட்டரை எட்ட புதிய சமன்பாட்டின்படி 118 நொடிதான் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் ஆழக் கணக்கு இவ்வளவு நகர முடியும்.

இதிலிருந்து இரண்டு சிக்கல் கிளைத்தன. பழைய தரவில் எந்தச் சமன்பாட்டைக் கொண்டு ஆழம் கணித்தார்கள், எந்த வகைக் குண்டு என்பதே பல பதிவுகளில் எழுதப்படவில்லை. ஒருமுறை திருத்தியதை அறியாமல் மறுமுறை திருத்திவிட்டால் பிழை இரட்டிப்பாகும். அடுத்தது இதைவிட ஆழமானது: குண்டு விழும் வேகமே ஆண்டுக்காண்டு மாறியிருக்கிறது. தயாரிப்பில் நேரும் சிறு மாற்றம் கூட நீரில் வேகத்தை மாற்றும். 2007இல் குரெட்ஸ்கியும் கோல்டர்மனும் எக்ஸ்பிடி தரவில் சூட்டுப் பக்கம் சாய்வு இருப்பதைக் காட்டினார்கள். 2008இல் சூசன் விஜ்ஃபெல்ஸ் குழு அந்தச் சாய்வு காலத்தோடு மாறுவதையும், விழும் வேகக் கணக்கு அதற்குப் பொருந்துவதையும் காட்டியது. குண்டு சமன்பாடு சொல்வதைவிட மெதுவாக விழுந்தால், மேலிருக்கும் சூடான நீர் கீழ் ஆழத்தின் பெயரில் பதிவாகும். சோலோ மிதவைக்கு நேர் எதிர்த் திசை.

(கம்பியின் காப்புறை கீறினாலும் சூடு கூடித் தெரியும். கடல்நீர் வழியே மின்னோட்டம் கசிவதால் மின்தடை குறையும். தெர்மிஸ்டரில் தடை குறைவு என்றால் சூடு என்று பொருள். ஆனால் அது வளைவில் சட்டென்று ஓர் எகிறலாகத் தெரியும், கண்ணால் பார்த்தே வெட்டிவிடலாம். ஆழப் பிழைக்கு அப்படி அடையாளம் ஏதும் இல்லை.)

இரண்டும் சேர்ந்தபோது

2003க்கும் 2005க்கும் இடையில் கடலில் மிதவைகள் வேகமாகப் பெருகின. மொத்தத் தரவில் எக்ஸ்பிடியின் பங்கு சுருங்கியது. தொடக்கத்தில் சராசரியில் சூட்டுச் சாய்வுள்ள கருவிக்கு இடம் அதிகம். முடிவில் அந்த இடத்தை மிதவைகள் எடுத்துக்கொண்டன, அவற்றில் ஒரு பகுதி குளிர்ச் சாய்வு உள்ளவை. கடல் துளியும் மாறாவிட்டாலும் வரைகோடு கீழிறங்கியே தீரும். சோலோ மிதவைகளின் பிழை பெரிது, ஆனால் சிலவற்றில் மட்டும்; எக்ஸ்பிடி பிழை சிறிது, ஆனால் பரவலானது. குளிர்ச்சியில் பெரும்பகுதியும் இவை இரண்டால் வந்ததே.

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரு கருவியின் பிழை நிலையாக இருந்தால் போக்கு கெடாது. கருவிகளின் கலவை மாறும் காலத்தில்தான் பிழை போக்காக உருவெடுக்கும். 2003 முதல் 2005 வரையான காலம் கடலியல் வரலாற்றிலேயே கலவை மிக வேகமாக மாறிய காலங்களில் ஒன்று.

கண்டுபிடித்த வழி

பிழையை முதலில் காட்டிக்கொடுத்தது கடல்மட்டம். கடல்மட்டம் இரண்டு காரணத்தால் உயரும்: நீர் சூடாகி விரிவது, பனி உருகி நீர் சேர்வது. மொத்த உயர்வை ஜேசன்-1 போன்ற செயற்கைக்கோள்களின் ரேடார் அளந்தது. சேரும் நீரின் நிறையை, 2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் இணைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தைக் கொண்டு அளந்தன. விரிவை ஆர்கோ தருகிறது. மூன்றும் தனித்தனி அளவீடுகள். ஆனால் ஒன்றுக்கு மற்ற இரண்டும் கணக்குக் காட்ட வேண்டும்.

கடல் அவ்வளவு குளிர்ந்திருந்தால் சுருங்கியிருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி அந்தச் சுருக்கம் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர் வரும். ரேடாரோ ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் உயர்வதையே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒத்துப்போக வைக்கப் பனி திடீரென்று மும்முரமாக உருகியிருக்க வேண்டும். அவ்வளவு நீர் சேர்ந்ததற்கு கிரேஸில் தடயம் இல்லை. வளிமண்டல உச்சியில் வரும் கதிர்வீச்சையும் போகும் கதிர்வீச்சையும் அளக்கும் செரெஸ் கருவிகளும் ஒத்துவரவில்லை. 3.2 × 10²² ஜூல் இரண்டு ஆண்டில் போக, பூமியின் முழுப் பரப்பிலும் சதுர மீட்டருக்கு 1 வாட் வீதம் வெளியேறியிருக்க வேண்டும். அப்படி ஒரு கசிவு அந்தக் கருவிகளில் தெரியவில்லை.

அதன்பின் தரவைக் கருவிவாரியாகப் பிரிப்பதுதான் வேலை. எக்ஸ்பிடியை மட்டும், மிதவைகளை மட்டும் தனித்தனியாக வைத்துக் கணக்கிட்டு, ஒரே இடத்தில் ஒரே காலத்தில் இருந்த பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். குளிர்ச்சி அட்லாண்டிக்கில் குவிந்திருந்தது. மிதவைகளை வகைவாரியாகப் பிரித்தபோது சோலோ–எப்எஸ்ஐ கூட்டம் அக்கம்பக்கத்து மிதவைகளைவிடக் குளிராக விலகி நின்றது. 2007 தொடக்கத்தில் அவற்றின் பட்டியல் வெளியானது. குளிர்ச்சியின் ஒரு பகுதி அதன் பின்னும் எஞ்சியது. அதைத் துரத்திப் போனபோதுதான் எக்ஸ்பிடியின் சூட்டுச் சாய்வு சிக்கியது.

எல்லாம் அத்தோடு சரியாகிவிடவில்லை. திருத்திய தரவைக் கொண்டு வில்லிஸ், சேம்பர்ஸ், நெரெம் 2008இல் கடல்மட்டக் கணக்கைப் போட்டபோது பருவ ஏற்றத்தாழ்வு பொருந்தியது, பல ஆண்டுப் போக்கு பொருந்தவில்லை. 2009இல் லூலியெட்டும் மில்லரும் செய்த கணக்கில்தான் ரேடார், ஆர்கோ, கிரேஸ் மூன்றின் போக்கும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போயின. 2010இல் லைமனும் வில்லிஸும் ஜான்சனும் வேறு பலரும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை 1993 முதல் 2008 வரை மேல்கடல் சேர்த்த வெப்பத்தை, பூமியின் முழுப் பரப்புக்கும் பகிர்ந்தால் சதுர மீட்டருக்கு 0.64 வாட் என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பில் எஞ்சிய ஐயத்துக்கு முதல் காரணமாக அவர்கள் சொன்னது, எக்ஸ்பிடி சாய்வை எந்த முறையில் திருத்துவது என்ற தேர்வு.

பழைய வரைகோடும் மாறியது. 1970களில் கடல் சூடாகிப் பின் குளிர்ந்ததுபோல் நெடுங்காலம் ஒரு மேடு தெரிந்துவந்தது. காலநிலை மாதிரிகள் எதிலும் அது வரவில்லை என்பதால் மாதிரிகளைக் குறைசொன்னவர்கள் உண்டு. ஆழத்தைத் திருத்தியதும் அந்த மேடு பெரும்பாலும் மறைந்தது. 2008இல் கத்யா டொமிங்கெஸ் குழு 1961–2003 காலத்துக்கான வெப்பமாதல் முந்தைய மதிப்பீடுகளைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் என்று காட்டியது.

மறுபடியும் அழுத்தம்: எண்ணெய்க் கசிவு

சோலோ விவகாரம் அடங்கிய கையோடு, 2009 தொடக்கத்தில் புதிய மிதவைகளை இறக்குவதை ஆர்கோ நிறுத்திவைக்க வேண்டி வந்தது. இந்த முறை உணரியே காரணம். சீபேர்ட் நிறுவனத்தின் சிடிடிகளில் பொருத்தப்பட்டிருந்த, ட்ரக் நிறுவனம் தயாரித்த அழுத்த உணரிக்குள், வெளிச் சவ்வுக்கும் அளக்கும் சில்லுக்கும் இடையே எண்ணெய் நிரம்பியிருக்கும். அழுத்தத்தைக் கடத்துவது அந்த எண்ணெய்தான். கண்ணாடியும் உலோகமும் சேரும் அடைப்பு வழியே எண்ணெய் மிக நுண்ணிய அளவில் கசிந்தது. உள் கன அளவு குறையக் குறைய, எல்லா ஆழத்திலும் அழுத்தம் குறைவாகவே பதிவாகும். நாள் போகப் போகப் பிழை வளரும். ஒரு கட்டத்தில் உணரி தாறுமாறாக உளறத் தொடங்கும். முன்பு சில விழுக்காடாக இருந்த இந்தக் கோளாறு, 2006 இறுதிக்குப் பின் தயாரானவற்றில் கால்வாசிக்கு மேல் போயிற்று.

திசையைக் கவனியுங்கள். அழுத்தம் குறைவாகப் பதிவாவது, ஆழமான நீர் மேலே எழுதப்படுவது, கடல் குளிராகத் தெரிவது. சோலோ பிழையின் அதே திசை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மிதவை கடல்பரப்பில் இருக்கும்போது அதன் அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். −3 டெசிபார் காட்டினால் அந்த 3ஐ முழுப் பதிவுக்கும் கூட்டிவிடலாம். ஆனால் அபெக்ஸ் வகை மிதவைகளின் பழைய ஏபிஎப்-8 கட்டுப்பாட்டுப் பலகை, பரப்பு அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைப் பூஜ்யம் என்றே வெட்டி அனுப்பியது. பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு போயிருந்தாலும் கரைக்கு வந்து சேர்வது பூஜ்யம்தான். நல்ல உணரியும் கசியும் உணரியும் ஒன்றுபோலத் தெரியும். திருத்துவதற்கு வேண்டிய ஒரே எண் கருவிக்குள்ளேயே அழிந்துவிட்டது. பின்னால் எவ்வளவு திறமையாகக் கணக்குப் போட்டாலும் அதை மீட்க முடியாது. கருவி வடிவமைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இடம் இது. பொருளில்லாததாகத் தோன்றும் மதிப்பையும் அப்படியே அனுப்பிவிட வேண்டும். வெட்டுவதைக் கரையில் செய்துகொள்ளலாம்.

இத்தகைய மிதவைகளுக்குத் தரவு மையங்கள் ‘வெட்டுண்ட எதிர்மறை அழுத்த விலகல்’ என்று பொருள்படும் டிஎன்பிடி குறிப்பைப் பதித்து, அழுத்தப் பிழை வரம்பையும் உயர்த்தி வைத்திருக்கின்றன.

தரவை எடுத்துப் பயன்படுத்துவோருக்கு

ஆர்கோ தரவு பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் மான்டெரே ஆகிய இரண்டு உலக மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கான வட்டார மையம் ஹைதராபாத்தின் இன்காய்ஸ். கோப்பின் பெயர் ‘ஆர்’ என்று தொடங்கினால் அது உடனடித் தரவு, தானியங்கிச் சோதனை மட்டும் கண்டது; ‘டி’ என்று தொடங்கினால் வல்லுநர் பார்த்த தாமதமுறைத் தரவு. புயல் முன்கணிப்புக்கு முதலாவது போதும். வெப்பப் போக்கு கணக்கிட இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

கோப்புக்குள் அழுத்தம் இரண்டு பெயரில் இருக்கும்: பிரெஸ், பிரெஸ்-அட்ஜஸ்டட். மாணவர்கள் பலர் முதலாவதை எடுத்து மாதக்கணக்கில் உழைத்துவிடுகிறார்கள். அது மிதவை அனுப்பிய மூல எண். திருத்தம் ஏறியது இரண்டாவதில்தான். நல்ல பதிவு என்று பொருள்படும் தரக்குறி 1 உள்ளவற்றை மட்டும் எடுத்து, பிரெஸ்-அட்ஜஸ்டட்-எரர் மதிப்பையும் பார்த்து, திருத்தக் குறிப்பில் டிஎன்பிடி என்று இருக்கும் மிதவைகளைப் போக்குக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. திருத்தங்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதனால் எந்த நாளில் இறக்கிய தரவு என்பதைக் குறித்துவைத்து, ஆய்வை முடிக்கும் முன் ஒருமுறை புதிதாக இறக்கிச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு மிதவையின் மேல் ஐயம் எழுந்தால், துலூஸ் நகரில் ஸ்டெஃபனி கினேஹுத் குழு உருவாக்கிய ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாம். மிதவையின் ஒவ்வொரு பதிவிலிருந்தும் 1000 டெசிபாருக்கு மேலுள்ள நீர்ப்பத்தியின் உயர விலகலைக் கணக்கிட்டு, அதே இடத்தில் அதே நாளில் ரேடார் காட்டும் கடல்மட்ட விலகலோடு வைக்க வேண்டும். மேற்பரப்புக்கும் 1000 மீட்டருக்கும் 14 டிகிரி வேறுபாடு இருக்கும் நீரில் 10 டெசிபார் தவறு 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை உயரத்தைக் குறைத்துக் காட்டும். அட்லாண்டிக்கின் துணைவெப்பமண்டலம்போல மேலே உப்பு அதிகமான நீரில் அதில் ஒரு பகுதி ஈடாகிவிடும். ஒரே பதிவில் இது தெரியாது, ஏனென்றால் கடலின் சுழல்களே 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றியிறக்கும். மிதவை தரும் விலகலிலிருந்து ரேடாரின் விலகலைக் கழித்து, நாற்பது பதிவுகளுக்குத் தொடர்ந்து வரைந்தால் சுழல்களால் வரும் வேறுபாடு பூஜ்யத்துக்கு இருபுறமும் சிதறும். அழுத்தம் தவறிய மிதவையின் புள்ளிகள் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழேயே வரிசை கட்டும். வரிசை கிடைமட்டமாக இருந்தால் படிக் கோளாறு போன்ற நிலையான பிழை. சுற்றுக்குச் சுற்று சரிந்துகொண்டே போனால் உணரி விலகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சரிவு எந்தச் சுற்றில் தொடங்கியது என்பதையும் சிடிடியின் வரிசை எண்ணையும் சேர்த்துத் தரவு மையத்துக்கு எழுதுங்கள். அதே தொகுப்பில் தயாரான மற்ற உணரிகளையும் அவர்கள் அதைக் கொண்டுதான் தேடிப் பிடிப்பார்கள்.